லேப்டாப்போடு 7 கிலோவுக்குள்: கைக்கு அடக்கமான விலையில் பயண முதுகுப்பை வாங்குவது எப்படி

பை வாங்கப் போகும்போது அந்தப் பையில் என்ன வைக்கப் போகிறீர்களோ அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், இரண்டு செட் துணி, எல்லாம். கடையில் தொங்குகிற பைகளுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்து உப்பலாக நிறுத்தியிருப்பார்கள். எந்தப் பையும் அப்போது அழகாகத்தான் தெரியும். 6 கிலோ உள்ளே போன பிறகுதான் வார் தோளை அறுக்கிறதா, அடிப்பாகம் தொங்குகிறதா, மூலை திரும்பும்போது ஜிப் முரண்டுகிறதா என்பதெல்லாம் வெளியே வரும்.

நான் பணகுடிக்காரன். ராதாபுரம், காவல்கிணறு வட்டாரத்துக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பராமரிக்கிற வேலை. லேப்டாப்பைச் செருகினால்தான் காற்றாலை ஏன் நின்றது என்று சொல்லும். அதனால் லேப்டாப், யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர், நெட்வொர்க் கேபிள், ஹார்டு டிஸ்க் எல்லாம் எப்போதும் முதுகில்தான். அலுவலக வேலையாகச் சென்னைக்கும், சில சமயம் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கமும் போக வேண்டியிருக்கும். பைக், பஸ், ரயில், விமானம் நான்கிலும் அதே பைதான் வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயணப் பை பற்றிய ஆலோசனைகள் பலவும் விமான நிலையத்தை மட்டும் மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன. நம் ஊர் ஆளுக்கு அது பொருந்தாது. வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ இருந்து கிளம்புகிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, ஆட்டோ பிடித்து, அப்புறம்தான் தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமானம் ஏறுகிறார். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பை தலைமாட்டில் கிடக்கிறது. விமானத்தில் நுழையக்கூடிய அளவு வேண்டும், ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் அடிபட்டாலும் தாங்க வேண்டும். 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் அப்படி ஒரு பை கிடைக்கும். எங்கே காசைப் போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடைக் கணக்கு

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோ. இண்டிகோ சொல்லும் அளவு 55 × 35 × 25 செ.மீ. மற்ற நிறுவனங்களில் நீள அகலம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் நீள அகலத்தைத்தான் அளக்கிறார்கள். மின்சாதனங்கள் எடுத்துப் போகிறவருக்கு முதலில் இடிப்பது எடை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15.6 அங்குல லேப்டாப் சுமார் 2 கிலோ. அதோடு வரும் கனத்த சார்ஜர் கிட்டத்தட்ட அரைக் கிலோ. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 400 கிராம். ஹார்டு டிஸ்க், மவுஸ், போன் சார்ஜர், கேபிள்கள் சேர்ந்து 600 கிராம். ஹெட்போன் 250. இதுவே 3.75 கிலோ. பை 1 கிலோ என்றால் 4.75. மிச்சம் 2.25 கிலோவில் ஒரு ஜீன்ஸ், ஒரு பேன்ட், இரண்டு சட்டை, உள்ளாடை, ஓர் ஈரிழைத் துண்டு வைத்தால் 2 கிலோ ஆகிவிடும். அதற்கு மேல் வீட்டிலிருந்து அரைக் கிலோ அல்வா கொடுத்துவிட்டால் 7ஐத் தாண்டிவிட்டது.

ஆகவே வெறும் பையின் எடைதான் நான் கேட்கும் முதல் கேள்வி. 1.1 கிலோவுக்கு மேல் போனால் அந்தப் பையை எடுக்க வேண்டாம். கெட்டியான கூடு வைத்த, 'திருட முடியாத' பைகள் என்று விற்கிறவற்றில் பல 1.5 கிலோவைத் தொடும். வாங்கின நாளிலேயே அரைக் கிலோ இழந்துவிடுகிறோம். அட்டையில் எடை போடாத பையானால், கடைக்காரரிடம் கேட்டு ஒரு தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் பல காலத்துக்குப் பயன்படும்.

பையை மாற்றாமலேயே எடை குறைக்க ஒரு வழி உண்டு. உங்கள் லேப்டாப் டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஏற்றுமா என்று பாருங்கள். ஏற்றுமானால் 65 வாட் காலியம் நைட்ரைடு சார்ஜர் ஒன்று போதும். கடையில் 'கேன் சார்ஜர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 150 கிராமுக்குள்தான் இருக்கும். போனுக்கும் அதுவே ஆகும். விளையாட்டுக்கான பெரிய லேப்டாப்புகளுக்கு மட்டும் இது சரிப்படாது, அவை கேட்கும் மின்சாரம் அதிகம்.

எத்தனை லிட்டர்?

55 × 35 × 25 என்றால் 48 லிட்டர் வரும். அதைப் பார்த்து 45 லிட்டர் பை வாங்கிவிடாதீர்கள். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும், நிரப்பினால் 7 கிலோ நிற்காது. நம் உபயோகத்துக்கு 28 முதல் 32 லிட்டர் சரியான அளவு. 48 செ.மீ. உயரம், 32 அகலம், 20 தடிமன் என்றால் கிட்டத்தட்ட 30 லிட்டர் ஆகிவிடும். தடிமன் 20ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாங்குநேரி வழியாக வரும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவருக்கு அந்த 5 செ.மீ. வித்தியாசம் தெரியும், பின்னால் நிற்கிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தூத்துக்குடி வாகைக்குளத்துக்குப் பல காலமாக வந்துபோவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. அதில் தலைக்கு மேலுள்ள பெட்டிகள் பெரிய விமானத்தில் இருப்பதுபோல ஆழமானவை அல்ல. பெரிய விமானத்தில் தாராளமாக நுழையும் பை இங்கே இடிக்கும். அப்போது படிக்கட்டருகிலேயே பையை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். உடை மட்டும் உள்ள பை என்றால் கவலையில்லை. லேப்டாப்பும் பவர் பேங்க்கும் உள்ள பை என்றால் அது வேறு விஷயம், அடுத்துச் சொல்கிறேன்.

பவர் பேங்க் எங்கே இருக்கிறது?

பவர் பேங்க்கையும் தனி லித்தியம் பேட்டரிகளையும் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். தீப்பிடித்தால் பயணிகள் அறையில் என்றால் உடனே தெரியும், அணைக்கவும் முடியும். அடியில் எரிந்தால் கைக்கு எட்டாது. அதற்காகத்தான் இந்த விதி. பேட்டரியில் தேங்கும் மின்சக்தியை வாட் ஹவரில் சொல்வார்கள். 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் என்றால் கொண்டுபோகவே முடியாது.

பவர் பேங்க்கில் எம்ஏஎச் பெரிதாகவும் வாட் ஹவர் பொடியாகவும் அச்சிட்டிருப்பார்கள். கணக்கு எளிது: எம்ஏஎச்சை 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட் ஹவர், 20,000 என்றால் 74. 27,000 எம்ஏஎச் போட்டால் 99.9 வரும், அதனால்தான் அந்த அளவில் ஒரு வகை விற்பனைக்கு வருகிறது. 30,000 என்று போட்டிருந்தால் 111, எல்லையைத் தாண்டிவிட்டது. அச்சிட்ட எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அதன் அளவு என்னவென்று சோதனையில் நிரூபிக்க வழியில்லை.

இப்போது பைக்கு வருவோம். படிக்கட்டருகே பையைக் கொடுக்கச் சொன்னால், அரை நிமிடத்தில் பவர் பேங்க்கும் லேப்டாப்பும் வெளியே வர வேண்டும். பின்னால் வரிசை நிற்கும். துணிக்கு அடியில் கைவிட்டுத் துழாவ நேரம் கிடையாது. எனவே மின்சாமான்கள் அனைத்தும் ஒரே சிறு பையில், பிரதான அறையின் மேற்பகுதியிலோ முன் அறையிலோ இருக்க வேண்டும். அந்தச் சிறு பைக்கு ஒரு கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது, எடுத்த உடனே கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறிவிடலாம். விமானத்துக்குள்ளும் பவர் பேங்க் தலைக்கு மேல் போக வேண்டாம். முன் இருக்கைப் பையிலோ உங்கள் கையிலோ இருக்கட்டும். சூடேறினால் உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இதே காரணத்தால்தான் உள்ளே நிறைய குட்டிப் பைகள் தைத்த முதுகுப்பைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பேனாவுக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, கார்டுக்கு மூன்று என்று கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் பொருள்கள் பைக்குள் சிதறிக் கிடக்கும், ஒரே பிடியில் எடுக்க முடியாது. ஒவ்வொரு தடுப்பும் எடை வேறு. சாதாரணமான இரண்டு அறை பை வாங்கி, 200, 300 ரூபாயில் ஜிப் வைத்த ஒரு கேபிள் பையைத் தனியாக வாங்குங்கள். பெரிய பை பழசானாலும் அது அடுத்த பைக்கு மாறிவிடும்.

வெளியே யுஎஸ்பி துளை வைத்த பைகளும் வருகின்றன. அந்தத் துளைக்குள் மின்சாரம் எதுவும் இல்லை, உள்ளே ஒரு நீட்டிப்பு வயர் மட்டும்தான். பவர் பேங்க்கை நீங்கள்தான் செருக வேண்டும். மழை இறங்க ஒரு வழி திறந்து வைத்த மாதிரி ஆகிறது. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஸ்க்ரூடிரைவர், பிளையர், ஸ்பேனர் எல்லாம் கைப்பையில் அனுமதி இல்லை. என்னைப் போல சர்வீஸ் வேலைக்குப் போகிறவர்கள் பையின் அடியில் ஒரு டெஸ்டர் கிடக்கிறதா என்று முந்தின நாளே கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். கருவிகளுக்குச் சுருட்டி வைக்கும் தனிப் பையே போதும், அது லக்கேஜில் போகட்டும்.

லேப்டாப் அறை

காசு கூடக் கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள். லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். கனமான பொருள் முதுகுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பாரம் குறைவாகத் தெரியும். முன்பக்கம் தள்ளி வைத்தால் பை பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் குனிந்துகொண்டே நடப்பீர்கள்.

அடுத்தது அறையின் அடிப்பாகம். கையை உள்ளே விட்டுக் கீழே தொடுங்கள். உங்கள் விரல் பையின் தரையைத் தொடுகிறதா, அல்லது இரண்டு மூன்று செ.மீ. மேலேயே நின்றுவிடுகிறதா? மேலே நிற்க வேண்டும். லேப்டாப் தொட்டிலில் தொங்குவதுபோல அந்தரத்தில் நின்றால், பையைத் தரையில் 'டொப்'பென்று வைக்கும்போது அடி அதற்குப் போகாது. பஸ் கண்டக்டர் பையைக் காலால் நகர்த்தும்போதும், ரயிலில் சீட்டுக்கடியில் தள்ளும்போதும் லேப்டாப்பின் மூலையைக் காப்பாற்றுவது இந்த இடைவெளிதான். குறைந்த விலைப் பைகளில் பக்கவாட்டில் ஃபோம் தாராளமாக வைத்துவிட்டு அடியில் ஒற்றைத் துணியோடு விட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் பிடித்திருந்து இது மட்டும் இல்லையென்றால், யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி இரண்டாக மடித்து அறையின் அடியில் போட்டுக்கொள்ளலாம். வேலை செய்யும்.

'15.6 அங்குல லேப்டாப்புக்கு' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 15.6 என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப் உடம்பின் அகலம் சுமார் 36 செ.மீ., ஆழம் 24 செ.மீ. இருக்கும், தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் லேப்டாப்பையே நிறுத்திப் பாருங்கள். ஜிப் மூடும்போது மேல் மூலை இரண்டும் ஜிப்பில் உரசக் கூடாது. உரசினால் லேப்டாப்பில் கீறல் விழும், ஜிப்பும் சீக்கிரம் வாய் பிளக்கும்.

பக்கவாட்டில் ஜிப் திறந்து லேப்டாப்பை எடுக்கும் வசதி விமான நிலையச் சோதனையில் உதவும். ஆனால் பைக்கில் போகிறவருக்கு அது நல்லதல்ல, ஜிப் கொஞ்சம் நழுவினால் லேப்டாப் சாலையில். மேலிருந்து திறப்பதையே நான் எடுப்பேன்.

ஜிப், துணி, வார்

பை கிழிந்து தூக்கிப் போடுவது குறைவு. ஜிப் போய்த்தான் தூக்கிப் போடுகிறோம். ஜிப்பில் ஓடும் அந்த உலோகத் துண்டைக் கடையில் ரன்னர் என்பார்கள். அதன் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். மூடிய பல் வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பிரதான அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். முன் அறைக்கு 5 போதும். ஒய்கேகே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஜிப் இருந்தால் நிம்மதி, 1934இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் அந்த எழுத்தைப் போலியாகவும் பொறிக்கிறார்கள் என்பதால், எழுத்தைவிட ஓட்டத்தைப் பாருங்கள். பை நிறைய பொருள் வைத்து, ஒரு கையால் மட்டும் மூலை திருப்பி இழுங்கள். இரண்டாவது கை தேவைப்பட்டால் அந்தப் பை வேண்டாம்.

சுருள் நைலான் பல் உள்ள ஜிப்தான் பைக்கு ஏற்றது. மூலையில் நன்றாக வளையும், இடையில் பல் விலகினாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப ஓட்டினால் சேர்ந்துகொள்ளும். தனித்தனியாக வார்த்த பிளாஸ்டிக் பல்லில் ஒன்று உடைந்தால் முடிந்தது. ஆனால் சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்தித் திறந்துவிட முடியும் என்பதும் உண்மை. பூட்டுப் போட்டாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ரயிலில் தூங்கும்போது லேப்டாப் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். கீழ்ப் படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலி போடுகிறவர்கள், பையின் மேல் கைப்பிடி உறுதியாகத் தைத்ததா என்று பார்த்து அதில் போடுங்கள். நெல்லை-சென்னை வந்தே பாரத்தில் பகல் பயணம், பை தலைக்கு மேல் தட்டில் இருக்கும், இந்தக் கவலை குறைவு.

துணியைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 600 டி, 1680 டி என்று போட்டிருப்பது டெனியர் கணக்கு: அந்த நூலை 9,000 மீட்டர் எடுத்தால் எத்தனை கிராம் இருக்குமோ அது. நூல் எவ்வளவு தடிமன் என்று மட்டும்தான் இது சொல்கிறது. பாலியஸ்டரைவிட நைலான் உராய்வை நன்றாகத் தாங்கும், அதனால் 420 டி நைலான் 600 டி பாலியஸ்டருக்குச் சளைத்தது அல்ல. நம் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், நெருக்கமாக நெய்திருந்தால் அதுவும் போதும். பையைக் காலி செய்து உள்பக்கத்தைத் திருப்புங்கள். தையல் ஓரங்களில் நூல் பிரிந்து தொங்காமல் நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உள்பூச்சையும் விரலால் தேயுங்கள். பிசுபிசுப்பு இருந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அது நெடுநாள் கடையில் கிடந்த சரக்கு. பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் நாளாக ஆக உடைந்து பிசுபிசுக்கும்.

வாரில் மூன்று இடம் பார்க்க வேண்டும். மேலே பையோடு சேரும் இடம், கீழே பட்டை சேரும் இடம், மேல் கைப்பிடி. பெட்டி போட்டு நடுவில் குறுக்காகத் தைத்திருந்தால் நம்பலாம். ஒற்றை வரித் தையல் என்றால் 6 கிலோவில் கொஞ்ச நாளில் இளகும். தோள் வார் 6, 7 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள், உடனே எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் ஒரு மாதத்தில் தட்டையாகி, நனைந்த சாக்கைத் தோளில் போட்ட மாதிரி இருக்கும். நெஞ்சுப் பட்டை அவசியம், பைக்கில் அது இல்லாமல் வார் நழுவிக்கொண்டே இருக்கும். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், பையின் அடி இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். இறங்கினால் படி ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று. பட்டைகளின் வால் நீளமாகத் தொங்கினால் பைக் ஓட்டும்போது கையிலும் கழுத்திலும் சாட்டையாக அடிக்கும். வாலைச் சுருட்டிச் செருக எலாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரப்பர் பேண்டு போதும்.

மழையும் தேரி மணலும்

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். துணி நனையாவிட்டாலும் தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். மழை உறை போட்டாலும் முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கிறது, கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் அந்த வழியாக நேரே லேப்டாப் அறைக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பைக்கில் போகிறவர் வெளியே உறை போடுவதோடு நிற்காமல், லேப்டாப்பைக் கெட்டியான பாலித்தீன் உறையில் போட்டு வாயை மடித்து உள்ளே வையுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் முழுதாகக் கிடைக்கும். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் கேமரா எடுத்துப் போகிறவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவைக்க வேண்டும், ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் மாவு மாதிரி இருக்காது என்றாலும் ஜிப்பில் புகுந்துகொள்ளும் அளவுக்குச் சன்னம். உவரிக் கடற்கரைக் காற்றில் உப்பும் சேரும். மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷால் ஜிப்பைத் தேய்த்துத் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியைப் பல் மேல் லேசாக ஓட்டினால் போதும். எண்ணெய் போடக் கூடாது, அது தூசியைக் கூட்டிப் பிடித்துக்கொள்ளும். அல்வாப் பொட்டலத்துக்கும் இதே எச்சரிக்கைதான். நெய் கசியும், அதனால் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, லேப்டாப் இல்லாத அறையில் வையுங்கள்.

கறுப்புப் பையை வெயிலில் நிறுத்தின பைக் டேங்க் மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே பேட்டரிகள் வெந்துவிடும். சாம்பல் நிறமோ காக்கியோ இருந்தால் தூசியும் அவ்வளவாகத் தெரியாது.

எங்கே, எப்போது

வைல்டுகிராஃப்ட், ஸ்கைபேக்ஸ், அமெரிக்கன் டூரிஸ்டர், சஃபாரி என்று எல்லாப் பெயரிலும் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. மாடலைப் பாருங்கள், பெயரை அல்ல. 'விலை 6,000, தள்ளுபடி போக 1,800' என்று எழுதியிருந்தால் அந்த 6,000த்தை மறந்துவிடுங்கள். 1,800க்கு இந்த ஜிப்பும் இந்தத் தையலும் தகுமா என்பதுதான் கேள்வி. வைகாசி, ஆனியில் கடைகளில் பள்ளிப் பைகள்தான் நிறைந்திருக்கும். ஆடித் தள்ளுபடியில் பயணப் பைகள் வெளியே வரும், எனக்கு அதுதான் வாங்கும் மாதம்.

அக்கா மகனுக்கு வேலை கிடைத்துச் சென்னை கிளம்பும்போது அவனை நெல்லை வண்ணார்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கண் போனது எண் பூட்டு வைத்த பளபளப்பான பையில். "மாமா, இது சூப்பரா இருக்குல்லா?" என்றான். "இருக்கட்டும்ல, முதல்ல சாமானை வை" என்றேன். கடைக்காரரிடம், "அண்ணாச்சி, லேப்டாப்பை வச்சு ஒரு நடை நடந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டோம். அவர் தாராளமாகச் சரி என்றார். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, காகிதத்தை மட்டும் திரும்பச் சுருட்டி வைத்துவிட்டால் போதும். முழுச் சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கினான். பையை ஒரு தோளில் மாட்டிச் சுழற்றினான், பஸ்ஸில் நிற்பதுபோல முன்பக்கம் மாட்டிப் பார்த்தான், தரையில் வைத்துத் தானாக நிற்கிறதா என்று பார்த்தான். பளபளப்புப் பை முதல் படியிலேயே தோளை அழுத்தியது. அவனே இறக்கி வைத்துவிட்டு, இரண்டு அறை மட்டும் உள்ள சாம்பல் நிறப் பையை எடுத்தான். 2,100 ரூபாய், கேபிள் பை தனியாக 250.

ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இந்தச் சோதனைகளை வீட்டுக்குள் செய்துவிடுங்கள். விலைச் சீட்டைக் கிழிக்காமல், திருப்பி அனுப்பும் தேதி தாண்டுவதற்குள் முடிவெடுங்கள். பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள், உத்தரவாதம் கேட்கும் நாளில் அச்செழுத்து மங்கிப் போயிருக்கும். ஜிப் வாய் பிளந்தால் பையை ஓரங்கட்டாமல் பை தைக்கும் கடையில் கொடுத்துப் பாருங்கள். பல சமயம் ரன்னரை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும். அப்படியே வாரின் மேல் தையலிலும் இன்னொரு வரி ஓட்டித் தரச் சொல்லிவிடுங்கள்.